'திறக்கவே முடியாத பூட்டு' சாத்தியமா? கள்ளச்சாவிக்கும் ட்ரில்லிங் மெஷினுக்கும் அசராத பூட்டு எப்படி உருவாகிறது? - முழு விளக்கம்

குளிர்பான கேன் ஒன்று. அதிலிருந்து வெட்டியெடுத்த மெல்லிய உலோகத் துண்டு ஒன்று. சில நொடிகள்தான், பூட்டு திறந்துவிட்டது!

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் ஒரு பூட்டு நிறுவனத்தை 2025ஆம் ஆண்டு நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றது இந்தக் காட்சிதான். வாகனத்தின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் ட்ரெய்லர்களுக்கான பூட்டுகளைத் தயாரிக்கும் அந்த நிறுவனம், தன் பூட்டு எவ்வளவு உறுதியானது என்று விளம்பர வீடியோ வெளியிட்டது. அதைப் பார்த்த யூடியூபர் ஒருவர், ஜூஸ் குடித்துக்கொண்டே அதே பூட்டைத் திறந்து காட்டினார். வீடியோ லட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது.

கொதித்துப்போன நிறுவனம் மே மாதம் வழக்குப் போட்டது. வீடியோவுக்கு இடைக்காலத் தடை வேண்டும் என்ற கோரிக்கையை ஜூன் மாதம் நீதிபதி ஏற்கவில்லை. ஜூலையில் நிறுவனமே வழக்கை வாபஸ் பெற்றுக்கொண்டது.

வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் அது கிளப்பிய கேள்வி முடியவில்லை. இவ்வளவு இரும்பும் இவ்வளவு விலையும் இருந்தும் ஒரு பூட்டு எப்படித் தோற்கிறது? வீட்டுக் கதவில் மாட்டும் பூட்டை யாராலும் திறக்க முடியாதபடி செய்யவே முடியாதா?

சாவி உள்ளே போனதும் என்ன நடக்கிறது?

இன்று உலகம் முழுக்க வீட்டுக் கதவுகளில் அதிகம் இருப்பது 'பின் டம்ளர்' வகை பூட்டு. இதன் அடிப்படை யோசனை பண்டைய எகிப்தின் மரப்பூட்டுகளிலேயே இருந்தது. இப்போது நாம் பார்க்கும் தட்டையான, பல் வெட்டிய சாவியோடு அதை நவீன வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர். 1861லும் 1865லும் இதற்கு அவர் காப்புரிமை பெற்றார்.

உள்ளே இருப்பது ரொம்ப எளிமையான ஏற்பாடு. ஒரு உலோக உருளை, அதற்குள் சுழலும் இன்னொரு சின்ன உருளை. இரண்டையும் குறுக்கே துளைத்துக்கொண்டு ஐந்தோ ஆறோ பின்கள் நிற்கும். ஒவ்வொரு பின்னும் மேல் துண்டு, கீழ்த் துண்டு என இரண்டாக இருக்கும். மேலே ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். மேல் துண்டு இரண்டு உருளைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பதால் உள் உருளை சுழலாது.

சரியான சாவி உள்ளே போனால், அதன் ஏற்ற இறக்கங்கள் ஒவ்வொரு பின்னையும் சரியான உயரத்துக்குத் தூக்கும். இரண்டு துண்டுகளும் பிரியும் இடம், இரண்டு உருளைகளும் சந்திக்கும் கோட்டில் வந்து நிற்கும். அவ்வளவுதான், உருளை சுழலும், கதவு திறக்கும். ஒரே ஒரு பின் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருந்தாலும் அசையாது.

அப்படின்னா சாவி இல்லாமல் எப்படித் திறக்கிறார்கள்?

இங்கேதான் கணக்கு வருகிறது. 5 பின்கள், ஒவ்வொன்றுக்கும் 6 உயரங்கள் என்று வைத்துக்கொண்டால் 7,776 விதமான சாவிகள் சாத்தியம். அத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க முடியாது. பிறகு எப்படி?

ஒரு ஏடிஎம் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்க பின் நம்பருக்கு 10,000 வாய்ப்புகள். நான்கையும் போட்ட பிறகுதான் சரியா தப்பா என்று இயந்திரம் சொல்லும். ஒருவேளை, முதல் எண்ணைப் போட்டதுமே "இது சரி" என்று அது சொல்லிவிட்டால்? ஒவ்வொரு எண்ணுக்கும் அதிகபட்சம் 10 முயற்சி. மொத்தம் 40 முயற்சியில் கதை முடிந்துவிடும்!

சாதாரணப் பூட்டு செய்யும் தப்பு இதுதான். எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும், துளைகள் அனைத்தும் ஒரே நேர்க்கோட்டில் அச்சு அசலாக அமையாது. தலைமுடியின் தடிமனை விடக் குறைவான வித்தியாசமாவது இருக்கும். அதனால் உருளையை லேசாகத் திருப்பி அழுத்தம் கொடுத்தால், எல்லாப் பின்களும் ஒரே நேரத்தில் இறுகாது. ஒன்றுதான் முதலில் இறுகும். அதைச் சரியான உயரத்துக்குத் தூக்கியதும், உருளை மயிரிழை நகர்ந்து "ஒண்ணு சரி, அடுத்ததுக்குப் போ" என்று கைவிரலுக்குச் சொல்லிவிடும். 7,776 வாய்ப்புகள் என்ற கோட்டை, 30 முயற்சிகளுக்குள் சரிந்துவிடுகிறது.

ஆக, பூட்டை வடிவமைப்பவரின் உண்மையான எதிரி திருடனின் கம்பி அல்ல. பூட்டே கசியவிடும் இந்தத் தகவல்தான்.

1851ல் லண்டனை அதிரவைத்த மனிதர்

இந்தப் போராட்டம் புதிதல்ல. இங்கிலாந்தில் 1778ல் ராபர்ட் பாரன் என்பவர் ஒரு முக்கியமான மாற்றத்தைக் கொண்டுவந்தார். அதுவரை பூட்டுக்குள் இருக்கும் லீவரைத் தூக்கினால் போதும், பூட்டு திறந்துவிடும். பாரனின் பூட்டில் லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். கூடத் தூக்கினாலும் திறக்காது.

1784ல் ஜோசப் பிராமா தன் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1790ல் லண்டனில் தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை மாட்டி, இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று சவால் விட்டார். அறுபது ஆண்டுகள் கடந்தும் யாரும் அந்தப் பரிசை வாங்கவில்லை.

1817ல் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருட்டு நடந்தது. அதிர்ந்துபோன பிரிட்டிஷ் அரசு, சொந்தச் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டு வேண்டும் என்று போட்டி அறிவித்தது. 1818ல் ஜெரமையா சப் 'டிடெக்டர்' பூட்டோடு வந்தார். யாராவது கள்ளச்சாவி போட முயன்று லீவரை அளவுக்கு மேல் தூக்கினால், பூட்டு அப்படியே மாட்டிக்கொள்ளும். அடுத்த முறை வீட்டுக்காரர் சாவி போடும்போது, "யாரோ கை வைச்சிருக்காங்க" என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு பூட்டுகளும் வெல்ல முடியாதவை என்று இங்கிலாந்தே நம்பிக்கொண்டிருந்தது. 1851ல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்தார் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ். சப் பூட்டை 25 நிமிடங்களில் திறந்தார். பிராமாவின் சவால் பூட்டு அவரை 16 நாட்கள் இழுத்தடித்தது. மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்து, 200 கினியை வாங்கிக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஹாப்ஸும் ஒரு பூட்டு நிறுவனத்தின் ஆள்தான். நியூயார்க்கைச் சேர்ந்த தன் நிறுவனத்தின் பூட்டை விற்கவே அவர் லண்டன் வந்திருந்தார். பின்னர் அந்தப் பூட்டையும் லைனஸ் யேல் ஜூனியர் திறந்து காட்டினார்!

சப் பூட்டின் கதை இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. திருடனைக் காட்டிக்கொடுப்பதற்காக வைத்த ஏற்பாடே, எந்த லீவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஹாப்ஸுக்குத் துப்புக் கொடுத்தது. பாதுகாப்புக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு புதுப் பாகமும் இன்னொரு வாசலைத் திறந்துவிடக்கூடும்.

கள்ளச்சாவியைத் தடுக்க என்னென்ன வழிகள்?

நவீனப் பூட்டு வடிவமைப்பில் நான்கு முக்கிய உத்திகள் இருக்கின்றன.

முதலாவது, பொய் சொல்லும் பின்கள். நேரான பின்னுக்குப் பதில், நடுவில் இடுப்பு ஒடுங்கிய நூல்கண்டு வடிவப் பின், பல் பல்லாக வெட்டிய பின் ஆகியவற்றைப் போடுவார்கள். கள்ளச்சாவிக்காரர் தூக்கும்போது, பின் சரியான இடத்துக்கு வந்துவிட்டது போன்ற உணர்வைக் கொடுக்கும். உண்மையில் பாதியில் மாட்டிக்கொண்டிருக்கும். செலவு ரொம்பக் குறைவு. பழகாதவர்களைத் தடுக்கும். கைதேர்ந்தவர்களைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

இரண்டாவது, கூடுதல் கேள்வி கேட்பது. உயரம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. அமெரிக்காவின் மெடெகோ பூட்டுகளில் சாவியின் வெட்டு சாய்வாக இருக்கும். அது பின்னைத் தூக்குவதோடு, குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்பவும் வேண்டும். பக்கவாட்டில் ஒரு தனிப் பட்டை காத்திருக்கும். எல்லாப் பின்களின் கோணமும் சரியாக இருந்தால்தான் அது உள்ளே இறங்கி வழிவிடும்.

மூன்றாவது, ஸ்பிரிங்கையே தூக்கிவிடுவது. 1907ல் பின்லாந்தின் எமில் ஹென்ரிக்சன் கண்டுபிடித்த ஆப்லாய் பூட்டில் பின்னும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. அடுக்கி வைத்த வட்டத் தகடுகள் மட்டும்தான். சாவி ஒவ்வொரு தகட்டையும் வெவ்வேறு கோணத்துக்குத் திருப்பும். அனைத்திலும் உள்ள வெட்டுகள் ஒரே கோட்டில் வந்தால் பூட்டு திறக்கும். சாவியைத் தட்டித் தட்டி பின்களைத் துள்ளவைத்துத் திறக்கும் 'பம்பிங்' உத்தி இதில் எடுபடாது. துள்ளுவதற்கு இங்கே எதுவும் இல்லையே! ஸ்பிரிங் இல்லாததால் பனியிலும் தூசியிலும் கூட நன்றாக வேலை செய்யும்.

நான்காவதுதான் வடிவமைப்பாளர்களின் கனவு. கேள்வி கேட்கும் நேரத்தையும் பதில் சொல்லும் நேரத்தையும் பிரித்துவிடுவது. சாவி உள்ளே போய் பின்களை அவற்றின் உயரங்களில் நிறுத்தும். திருப்பத் தொடங்கியதும், முதல் சில டிகிரிகளிலேயே சாவித்துளைக்கும் பின்களுக்கும் இடையே தொடர்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகுதான், உள்ளே வேறொரு பாகம் "உயரம் சரியா?" என்று சோதிக்கும். தப்பு என்றால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எந்தப் பின் தப்பு என்று வெளியே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அதாவது, ஏடிஎம் போலவே நடந்துகொள்ளும் இயந்திரப் பூட்டு.

ட்ரில்லிங் மெஷின் வந்தால்?

நுணுக்கம் எல்லாம் கம்பி எடுத்து வருபவரிடம்தான். ட்ரில்லிங் மெஷினோடு வருபவருக்குப் பின்களின் உயரம் பற்றிக் கவலையில்லை. பூட்டின் சிலிண்டர் பெரும்பாலும் பித்தளையில் செய்யப்படுகிறது. பித்தளையைக் கடைவது எளிது, துருப்பிடிக்காது, சாவியும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் சாதாரண ட்ரில் பிட்டுக்குப் பித்தளை வெண்ணெய் மாதிரி.

முழுப் பூட்டையும் கடினமான எஃகில் செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் கடைவது கஷ்டம், விலை எகிறும். அதோடு, மிகவும் கடினமான உலோகம் சுத்தியல் அடிக்கு உடைந்துவிடும். அதனால் கலவையான உத்தியைப் பயன்படுத்துகிறார்கள்.

உருளையின் முகப்பில், ட்ரில் நுழைய வாய்ப்புள்ள இடங்களில் மட்டும் கடினப்படுத்தப்பட்ட எஃகு ஊசிகளைச் சாய்வாகப் பதிப்பார்கள். சுழலும் பிட், ஒரு பக்கம் மென்மையான பித்தளையையும் இன்னொரு பக்கம் கடினமான எஃகையும் சந்திக்கும். மென்மையான பக்கமாக வழுக்கிக் கோணிக்கொள்ளும். அதற்கு மேல் அழுத்தினால் பிட்டே முறியும்.

எஃகையும் அறுக்கும் கார்பைடு பிட்டோடு வந்தால்? அதற்கும் பதில் உண்டு. துளைக்குள் இறுக்காமல் விடப்பட்ட எஃகு குண்டுகளை வைப்பார்கள். பிட் பட்டதும் குண்டும் கூடவே சுழலும். பிடிமானமே கிடைக்காது. கார்பைடு கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மை கொண்டது. உருளும் குண்டின் மீது அதிர்ந்து அதிர்ந்து அதன் முனை சிதறும். விலை உயர்ந்த பூட்டுகளில் கார்பைடு அல்லது செராமிக் துண்டுகளையே உள்ளே பதிப்பதும் உண்டு.

வங்கிப் பெட்டகங்களில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். பூட்டின் முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருக்கும். ட்ரில் பட்டு அது நொறுங்கினால், அதோடு கட்டப்பட்டிருக்கும் கம்பிகள் தளர்ந்து கூடுதல் தாழ்கள் விழுந்துவிடும். அதாவது, உடைக்க உடைக்க இன்னும் இறுகும் பூட்டு!

பூட்டு சரி... முறிந்தது எது?

இவ்வளவும் செய்த பிறகும் தோற்ற கதை பிரிட்டனில் நடந்தது. அங்கே பல வீடுகளில் இருக்கும் 'யூரோ' சிலிண்டரின் நடுப்பகுதியில், கதவோடு பிணைக்க ஒரு ஸ்குரூ துளை உண்டு. அந்த இடத்தில் உலோகம் ரொம்ப மெல்லியது. திருடர்கள் கள்ளச்சாவியும் போடவில்லை, ட்ரில்லும் போடவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த சிலிண்டரைப் பிடித்து முறித்தார்கள்.

வடிவமைப்பாளர்கள் கண்டுபிடித்த தீர்வு வேடிக்கையானது. 'எப்படியும் முறிக்கப் போகிறார்கள், அதை நாம் சொல்லும் இடத்தில் முறியவைப்போம்' என்று சிலிண்டரின் முன்பகுதியில் வேண்டுமென்றே ஒரு வெட்டு வைத்தார்கள். முன்துண்டு முறிந்து கையோடு வந்துவிடும். முக்கிய பாகம் கதவுக்குள் பத்திரமாக இருக்கும். பிரிட்டனின் டிஎஸ் 007 தரத்தில் மூன்று நட்சத்திரம் பெறும் சிலிண்டர்கள் இந்த மாதிரியான தாக்குதலைத் தாங்க வேண்டும்.

ஃப்ளோரிடா வழக்கிலும் நடந்தது இதேதான். அங்கே யாரும் பின்களோடு மல்லுக்கட்டவில்லை. ட்ரில்லும் போடவில்லை. பூட்டின் மூளையை விட்டுவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தரச்சான்று எதை அளக்கிறது?

'திறக்கவே முடியாது' என்று எந்தத் தரச்சான்றும் சொல்வதில்லை. எவ்வளவு நிமிடம் தாங்கும் என்றுதான் அளக்கிறார்கள். அமெரிக்காவின் யூஎல் 437 தரத்தைப் பெற, ஒரு சிலிண்டர் கள்ளச்சாவி முயற்சியை 10 நிமிடமும், ட்ரில் தாக்குதலை 5 நிமிடமும் தாங்க வேண்டும். பிரிட்டனின் பிஎஸ் 3621 தரத்துக்கு, குறைந்தது 1,000 வித்தியாசமான சாவிகள், 20 மில்லிமீட்டர் வெளியே நீளும் தாழ், ட்ரில் தடுப்பு ஆகியவை வேண்டும்.

ஐந்து நிமிடம் கேட்பதற்குக் குறைவுதான். ஆனால் தெருவில் நின்று, ட்ரில் சத்தத்தோடு ஐந்து நிமிடம் என்பது திருடனுக்கு ரொம்ப நீளம். பூட்டு விற்பது அந்த நேரத்தைத்தான்.

திண்டுக்கல் பூட்டு எங்கே நிற்கிறது?

பூட்டு என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது திண்டுக்கல். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூட்டுகள், மாங்காய் பூட்டு உட்பட, லீவர் வகையைச் சேர்ந்தவை. பூட்டுக்குள் அடுக்கியிருக்கும் தகடுகள் ஒவ்வொன்றையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். 1778ல் பாரன் சொன்ன அதே தத்துவம்.

கடையில் "6 லீவர், 8 லீவர்" என்று சொல்லி விற்பது இதைத்தான். லீவர் கூடினால் நல்லதுதான். ஆனால் எண்ணிக்கை மட்டுமே பாதுகாப்பு ஆகாது. லீவர்களில் பொய் வெட்டுகள் உண்டா, லீவர்கள் எவ்வளவு இறுக்கமாக அமைந்திருக்கின்றன, முகப்பில் ட்ரில் தடுப்புத் தகடு இருக்கிறதா என்பவையும் அதே அளவு முக்கியம். கையால் செய்யும் பூட்டில் ஒரு நன்மை உண்டு. லீவர் அமைப்பைச் செய்பவர் பூட்டுக்குப் பூட்டு மாற்றலாம். அதேசமயம், இயந்திரத்தில் வார்த்தெடுத்த மலிவான பூட்டோடு விலையில் போட்டி போடுவதுதான் அந்தத் தொழிலாளர்களின் திண்டாட்டம்.

சிறந்த பூட்டை ஏன் எல்லோரும் தயாரிப்பதில்லை?

ஏனென்றால் பூட்டின் முதல் வேலை திருடனைத் தடுப்பது மட்டுமல்ல, சொந்தக்காரரை உள்ளே விடுவதும்தான். பல ஆண்டுகள், தினம் பலமுறை திறந்து மூட வேண்டும். கடற்கரை உப்புக்காற்று, புழுதி, தேய்ந்துபோன சாவி எல்லாவற்றையும் தாங்க வேண்டும். இடைவெளியை மிகவும் இறுக்கினால் கள்ளச்சாவிக்குக் கஷ்டம், கொஞ்சம் தூசி போனால் நல்ல சாவிக்கும் கஷ்டம். தீ விபத்தில் உள்ளே இருப்பவர் உடனே வெளியேறவும் வேண்டும். நகரும் பாகம் ஒவ்வொன்றும் கூடக் கூட, பழுதாகும் வாய்ப்பும் விலையும் கூடும்.

வீட்டுக்குப் பூட்டு வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* நாதாங்கியையும் கொண்டியையும் முதலில் பாருங்கள். பூட்டு ஆயிரக்கணக்கில் வாங்கிவிட்டு, அரை அங்குல ஸ்குரூவில் நிற்கும் நாதாங்கியில் மாட்டினால் பலனில்லை. நெம்பினால் பூட்டு அப்படியே இருக்கும், நாதாங்கி கையோடு வரும்.
* தாழ் போய் உட்காரும் இடத்தில் எஃகுத் தகடும், நிலைச்சட்டத்துக்குள் ஆழமாக இறங்கும் நீளமான ஸ்குரூக்களும் இருக்கட்டும்.
* சிலிண்டர் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.
* தொங்கு பூட்டு வெளியூர் போனதை ஊருக்கே சொல்லும். கதவுக்குள் பதியும் பூட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.
* டூப்ளிகேட் சாவி யாரிடம் இருக்கிறது என்று கணக்கு வையுங்கள். வாடகை வீட்டுக்குக் குடிபோனால் சிலிண்டரை மாற்றுவது நல்லது.
* சாவியின் போட்டோவை சமூக வலைதளங்களில் போடாதீர்கள். போட்டோவை வைத்தே சாவியின் வெட்டுகளைக் கணக்கிட முடியும் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆராய்ச்சியாளர்கள் 2008லேயே நிரூபித்திருக்கிறார்கள்.

மறைத்தால் பாதுகாப்பா, சொன்னால் பாதுகாப்பா?

ஹாப்ஸ் பூட்டுகளைத் திறந்தபோதும் லண்டனில் இதே விவாதம் நடந்தது. குறையை வெளியே சொன்னால் திருடர்களுக்கு உதவி செய்வதாகாதா என்று பலர் கேட்டார்கள். திருடர்களுக்கு இது முன்பே தெரியும், தெரியாமல் இருப்பது பூட்டு வாங்குபவர்களுக்கு மட்டும்தான் என்பதே ஹாப்ஸ் தரப்பு வாதம். அந்த அவமானத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் நிறுவனங்கள் தங்கள் பூட்டுகளைத் திருத்திக்கொண்டன.

2025லும் அதுதான் நிலைமை. அந்த வீடியோ வராமல் இருந்திருந்தாலும் அந்தப் பூட்டில் அந்த இடைவெளி இருந்திருக்கும். அதை நம்பிப் பணம் கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் தெரிந்திருக்காது.

திறக்கவே முடியாத பூட்டு இதுவரை வரவில்லை. திறக்க அதிக நேரம் பிடிக்கும் பூட்டு உண்டு. அதை நல்ல நிலைச்சட்டத்தில், நல்ல நாதாங்கியோடு மாட்டினால், பெரும்பாலான திருடர்களைத் திருப்பி அனுப்ப அந்த நேரமே போதும்.